மாஸ்டருக்கு டெஸ்ட்

நான் சொல்லப்போவதெல்லாம் இப்படியேதான் நடந்ததா என்று எனக்கே உறுதியில்லை. அந்த மாதங்களில் நடந்ததில் பெரும்பகுதியை நான் காரின் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். பின்சீட்டில் இருப்பவனுக்குத் தெரிவது இரண்டு பிடரிகள், இரண்டு ஜோடிக் காதுகள், நடுக் கண்ணாடியில் அவ்வப்போது வந்துபோகும் ஒரு புருவம். அத்தான் எந்த இடத்தில் கோபப்பட்டார், எந்த இடத்தில் பயந்தார் என்பதை அவர் காது சிவந்ததை வைத்துத்தான் முடிவு செய்தேன். இரண்டுக்கும் ஒரே சிவப்பு. இரண்டாவது டெஸ்ட் அன்று மழை பெய்தது என்கிறாள் அக்கா. பெய்யவில்லை என்று நினைக்கிறேன். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. ஆனால் அதை அத்தான் கை தவறிப் போட்டிருக்கவும் கூடும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாஸ்டர். கடைத்தெருவில் நடந்துபோனால், ஓடுகிற கார்களிலிருந்து கைகள் நீண்டு வணக்கம் சொல்லும். "பாதையைப் பாரு!" என்று அவர் பதிலுக்குக் கத்துவார். டிரைவிங் ஸ்கூலில் அவர் மாஸ்டர். நான் முன்னறை மேஜைக்காரன். விண்ணப்பம் நிரப்புவது, நேரம் ஒதுக்குவது, போன் எடுப்பது என் வேலை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரியுமா என்று யாரும் கேட்டதும் இல்லை.

பயிற்சிக் காரில் ஒரு விசேஷம் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் மூன்று மிதிகள்: கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர். பக்கத்து சீட்டில் மாஸ்டரின் காலடியில் இரண்டுதான்: கிளட்ச், பிரேக். அதாவது மாஸ்டரால் காரை நிறுத்த முடியும், போகவைக்க முடியாது. போவது மாணவர் பாடு. அத்தான் அந்த சீட்டில் உட்கார்ந்து தலை நரைத்தவர். அவர் கண் பாதையில் இருக்காது, மாணவரின் பாதத்தில் இருக்கும். "வெளியே என்ன ஆகப்போகுதுன்னு உன் குதிகால்லேயே எனக்குத் தெரிஞ்சிடும்" என்பார். அது உண்மை. மாணவர் பயப்படுவதற்கு முன்பே அவர் பிரேக்கை மிதித்திருப்பார்.

சொந்தமாக அவரிடம் கார் கிடையாது. வீட்டில் இருக்கிற சின்னக் கார் அக்காவுடையது. அவளும் அவரிடம் கற்றுக்கொண்டவள்தான். கல்யாணத்துக்கு முன் மாணவி. கல்யாணமான புதிதில் ஒருமுறை அந்தக் காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனார். மிதி இல்லாத தரையை வழியெல்லாம் மிதித்துக்கொண்டே போனார். பாதி வழியில் அக்கா காரை ஓரம் கட்டி, "இறங்குங்க" என்றாள். அவர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அவள் தனியாக ஓட்டினாள், அவர் பஸ்ஸில் போனார். குடும்பத்தில் சமாதானம் நிலவியது.

பிறகு ஒரு நாள் காலை, பாடம் நடக்கும்போதே அத்தானுக்கு மயக்கம் வந்துவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு தையல்கார அம்மா. மாஸ்டர் திட்டாமல் இருக்கிறாரே, அப்படியென்றால் சரியாக ஓட்டுகிறோம் என்று நினைத்து, ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். வெளியேறச் சொன்னால்தானே வெளியேறுவது? அவரே சொன்னார், வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவர் ஓட்டியதே இல்லையாம். பெட்ரோல் பங்க் ஆட்கள் ஓடிவந்து கை காட்டி நிறுத்தினார்கள்.

பெரிதாக ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். ஆனாலும் சில மாதங்களுக்குக் காரில் முன்சீட்டே கூடாது என்றார். அந்த மாதங்களுக்குள் அத்தானின் லைசன்ஸ் காலாவதியாகிவிட்டது. மயக்கம் போட்டவர் என்பதால் சும்மா புதுப்பிக்க முடியாது, மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்று முறை தோற்றால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

அவர் சிரித்தார். "எனக்கா டெஸ்ட்? டெஸ்ட் வைக்கிறவனே என்கிட்ட கத்துக்கிட்டவன்டா."

அது பொய். அந்த அதிகாரி வெளியூர்க்காரர். காதில் எப்போதும் பென்சில் சொருகியிருப்பார் என்பதால் நாங்கள் பென்சில் என்போம்.

இதற்கிடையில் முதலாளியம்மா ஒரு புது மாஸ்டரைத் தற்காலிகமாக வைத்திருந்தார். மெல்லிய குரல். மாணவர் வாசலிலேயே காரை அணைத்துவிட்டால், "பரவாயில்லீங்க, மெதுவா" என்பார். அதைக் கேட்டு அத்தான் முன்னறையில் உட்கார்ந்தபடி பல்லைக் கடிப்பார். முதலாளியம்மா நேராகவே சொன்னார்: "மாஸ்டர், சீட்டு உங்களுதுதான், நான் மறுக்கல. ஆனா அடுத்த பேட்ச் ஆரம்பிக்கும்போது யார் கையில லைசன்ஸ் இருக்கோ அவங்கதான் அதுல உட்கார முடியும். அதுக்குள்ள வாங்கிட்டு வந்துடுங்க. இல்லேன்னா இந்தப் புதுத் தம்பியையே நிரந்தரமாக்கிடுவேன். என் நிலைமையையும் பாருங்க."

அன்று மாலை அத்தான் முன்னறை ஜன்னலில் நின்று பயிற்சிக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த சீட்டைத் தவிர உட்காருவதற்கு அவருக்கு உலகத்தில் வேறு இடமே இல்லையோ என்று எனக்குத் தோன்றியது. வீட்டில்கூட அவர் நாற்காலி நுனியில்தான் உட்காருவார், எந்த நேரமும் எதையாவது நிறுத்தவேண்டி வரலாம் என்பதுபோல.

முதல் டெஸ்டுக்கு ஸ்கூல் சார்பில் நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். பயிற்சிக் காரே டெஸ்டுக்கும். பென்சில் காரை நோக்கி வந்தார். அத்தான் ஒரு கதவைத் திறந்து, வசதியாக உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்.

"நான் எங்க உட்கார்றது?" என்றார் பென்சில்.

அத்தான் திரும்பிப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்தது மாஸ்டர் சீட்டு.

சரி, பதற்றம், யாருக்கும் வருவதுதான். இடம் மாறி உட்கார்ந்தார். கார் கிளம்பியது. கிளம்பி, நடந்துபோகிறவர்களோடு பேசிக்கொண்டே போகலாம் போன்ற வேகத்தில் ஊர்ந்தது. அத்தானின் இடது கால் கிளட்சுக்கு மேல், வலது கால் பிரேக்குக்கு மேல், மிதிக்கத் தயாராக அந்தரத்தில் நின்றன. ஆக்ஸிலேட்டர் என்று ஒன்று இருப்பதையே கால் மறந்துவிட்டிருந்தது.

"கொஞ்சம் வேகமா போங்க" என்றார் பென்சில்.

"கூட்டு, கூட்டு" என்றார் அத்தான். "பயப்படாதே. நான் இருக்கேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார், யாரோ கூட்டுவார்கள் என்று. பென்சில் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "யாரைச் சொல்றீங்க?" கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

இரண்டாவது டெஸ்டில் வாயைத் திறப்பதில்லை என்று சபதம். திறக்கவும் இல்லை. ஆனால் கண்ணை என்ன செய்வது? கார் போய்க்கொண்டிருக்கும்போதே அவர் குனிந்து பென்சிலின் கால்களைப் பார்த்தார். ஒருமுறை இல்லை, பத்தடிக்கு ஒருமுறை. முதலில் பென்சில் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். பிறகு கால்களை இழுத்துக்கொண்டார். கடைசியில், "சார், ரோடு வெளியே இருக்கு" என்றார். வைப்பர் ஓடியது அப்போதுதான்.

அந்த டெஸ்டும் போயிற்று. வீடு திரும்பும் பஸ்ஸில் அத்தான் ஓட்டுநருக்குப் பின்னால் நின்று, அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். யார் அழுதாலும் நிதானம் இழக்கமாட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நானே கத்துத் தர்றேன்" என்றாள்.

"நீயா? உனக்குக் கத்துக்கொடுத்ததே நான்."

"அதான் சொல்றேன். சரக்கு இப்ப என்கிட்டதான் இருக்கு."

என்னையும் வரச் சொன்னாள்.

"நான் எதுக்குக்கா?"

"சாட்சிக்கு."

கிடங்குகளுக்குப் பின்னால் விடுமுறை நாட்களில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு தெரு இருக்கிறது. காரில் 'எல்' பலகையை மாட்டிக்கொண்டு அங்கே ஆரம்பித்தோம். அக்காவின் காரில் மாஸ்டர் மிதிகள் கிடையாது. அவள் பக்கத்து சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்தே அத்தானுக்குக் காது சிவந்தது.

"காலை அப்படி நீட்டிட்டு உட்கார்றதா? நான் எங்கேயாவது மோதினா என்ன பண்ணுவே?"

"கத்துவேன்."

"சரி சொல்லு. கிளட்சை எவ்வளவு விடணும்?"

"கார் நகர்ற வரைக்கும்."

"அது ஒரு பதிலா? நீ எப்படி விடறே?"

"தெரியல. விடுவேன்."

"தெரியாமலா இத்தனை வருஷம் ஓட்டிட்டு இருக்கே?"

"தெரிஞ்சவங்க ஓட்டற அழகைத்தான் பார்த்துட்டு இருக்கேனே."

ஒரு நாய் வந்து, காரின் முன்சக்கரத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

அவர் கஷ்டம் எனக்கு மெல்லப் புரிந்தது. ஓட்டுவதைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தெரிந்தது முழுவதும் இன்னொருவர் கால் வழியாக நடக்கவேண்டிய விஷயமாக மாறிவிட்டிருந்தது. தன் கால் என்று வரும்போது அது ஒரு மோசமான மாணவரின் கால். அவர் அதை நம்பவில்லை. அதனால் எதைப் பார்த்தாலும் நிறுத்தினார். தெருக்கோடியில் ஒரு கிழவர் குடையை விரித்தால் இங்கே நிறுத்தினார்.

சில வாரம் கழித்து அக்கா பெரிய சாலைக்கே போகச் சொன்னாள். சிக்னலில் பச்சை விழுந்தது. கார் நின்றது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

"போங்க" என்றாள் அக்கா.

கால் அந்தரத்தில் நின்றது.

"போங்கன்னா..."

பஸ் கையை எடுக்காமல் அடித்தது.

"போடா!"

கார் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. இரண்டு தெரு தாண்டினோம்.

"என்ன சொன்னே நீ?" என்றார் அத்தான்.

"போங்கன்னு சொன்னேன்."

கண்ணாடியில் புருவம் என்னைத் தேடியது. நான் வெளியே ஒரு பெயின்ட் கடையை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாட்சி என்று என்னை அழைத்து வந்தது எவ்வளவு பெரிய தவறு என்று அக்காவுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

ஆனால் அவள் வேறொன்றையும் புரிந்துகொண்டாள். மறுவாரம் கார் கிளம்பும் முன்பே ஆரம்பித்தாள்: "உங்க தம்பி ஏணியை வாங்கிட்டுப் போய் எத்தனை மாசம் ஆச்சு?"

"இப்ப எதுக்கு ஏணி?"

"மொட்டைமாடித் தொட்டி ஒழுகுது. ஏற ஏணி வேணும். கேட்டா உங்களுக்கு ரோஷம் வரும்."

"அவன் என்ன ஓடியா போயிடப் போறான்? உன் தம்பி மூணு வேளையும் நம்ம வீட்டுலதான் சாப்பிடறான், நான் கணக்குக் கேட்டேனா?"

நான் பின்சீட்டில் இருப்பதை இருவருமே மறந்துவிட்டிருந்தார்கள். எனக்கு வருத்தமில்லை. ஏனென்றால் அத்தான் தன் தம்பிக்காக வாதாடிக்கொண்டே பெட்டிக்கடையைத் தாண்டினார், கியரை மாற்றினார், மெதுவாகப் போன ஒரு லாரியை முந்தினார், திரும்பும்போது விளக்குப் போட்டு, திரும்பியதும் அணைத்தார். கால்கள் தங்கள் பாட்டுக்கு வேலை செய்தன. நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் அவர் தன் காலைப் பார்த்துவிடுவார். அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஏணிச் சண்டை முடியும் தறுவாயில் அவள் அத்தானின் அக்கா மகள் கல்யாணத்தில் நமக்கு எந்த வரிசையில் நாற்காலி போட்டார்கள் என்பதற்குத் தாவினாள்.

அப்படித்தான் அவர் கற்றுக்கொண்டார். அக்கா காலையில் தலை பின்னும்போதே அன்றைய விஷயத்தை யோசித்து வைத்திருப்பாள். பழைய மிக்ஸி. அவர் குறட்டை. அவள் சமையலில் உப்பு அதிகம் என்று அவர் என்றோ சொன்னது. சண்டை ஓய்ந்தால் கார் தடுமாறும். ஆகவே ஓயவிடமாட்டாள். ஊரைச் சுற்றி ஒரு தாம்பத்தியத்தின் மொத்தப் பாக்கியையும் தீர்த்துக்கொண்டு வந்தோம்.

பிரச்சினை என்னவென்றால் சின்ன விஷயங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒரு காலை, ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது அக்காவிடம் எதுவும் மிச்சமில்லை என்று நினைக்கிறேன். கார் இழுக்கத் தொடங்கியது. அவள் வெளியே பார்த்தபடி, சண்டைக்கான குரலே இல்லாமல் சொன்னாள்.

"அப்பா போன அன்னிக்கு நான் தனியா ஓட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்க பஸ்ல வந்தீங்க."

அத்தான் கியரைக் குறைத்தார்.

"எனக்குப் பக்கத்துல யாராவது உட்கார்ந்திருந்தா நல்லா இருந்திருக்கும். தரையை மிதிச்சுட்டே வந்திருந்தாக்கூடப் பரவாயில்லை."

அது எனக்கும் அப்பா. அன்று நான் எப்படிப் போனேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. பாலம் முடிந்தது. சரிவு வந்தது, கடைத்தெரு வந்தது, பள்ளிக்கூடத்தின் முன்னால் பிள்ளைகள் கடந்தார்கள். எந்த இடத்திலும் கார் தடுமாறவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, போகவேண்டிய இடத்தில் போனது. அவர் காது சிவக்கவில்லை. சண்டை எதுவும் இல்லாமலே வீடு வந்து சேர்ந்தோம். அவர் ஓட்டிக்கொண்டு வந்தார் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

மூன்றாவது டெஸ்டில் பென்சில் கால்களை முன்னெச்சரிக்கையாக உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சற்று தூரம் போனதும், "உங்க ஸ்கூல்ல புதுசா ஒருத்தர் வந்திருக்காரே, நல்ல மனுஷன். அவர்கிட்ட படிச்சவங்க நிதானமா ஓட்டறாங்க" என்றார். நான் அத்தானின் காதைப் பார்த்தேன்.

"அப்படியா" என்றார் அத்தான். அவ்வளவுதான். சந்தை, ஏற்றம், ரிவர்ஸ், எல்லாம் அந்த ஒரு "அப்படியா"வோடு முடிந்தது.

"பேசவே மாட்டேங்கறீங்களே" என்றார் பென்சில், கையெழுத்துப் போட்டபடி. அவருக்குச் சற்று ஏமாற்றம்.

புது பேட்ச் ஆரம்பித்த அன்று அத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்தார். புது மாஸ்டர் எழுந்து வழிவிட்டார். முதல் மாணவர் ஒரு வங்கி அதிகாரி, எதற்கும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறவர். முதல் நாள் என்பதால் நானும் ஏறிக்கொண்டேன்.

கார் போனது. அத்தான் பேசவில்லை. நான் முன்னால் எட்டிப் பார்த்தேன். அவர் கண் வங்கிக்காரர் காலில் இல்லை, தெருவில் இருந்தது. நிம்மதியாக, ஜன்னலோரம் உட்கார்ந்த பயணிபோல, மரங்களையும் பலகைகளையும் பார்த்துக்கொண்டு வந்தார். வங்கிக்காரர் அவர் மௌனத்தைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். திருப்பத்தில் தண்ணீர் லாரி ஒன்று வெளியே வந்தது. அத்தானின் இரண்டு கைகளும் எழுந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பின. வலது கால், அங்கே இல்லாத ஆக்ஸிலேட்டரை அழுத்தியது. லாரியைத் தாண்டிப் போய்விடப் பார்த்தார். அவர் அந்தத் திருப்பத்தை ரொம்ப அழகாக எடுத்தார் என்றே சொல்லவேண்டும். கார்தான் எடுக்கவில்லை. பூங்காச் சுவரை உரசிக்கொண்டு நின்றது.

யாருக்கும் அடியில்லை. கதவில் ஒரு நீளக் கீறல். வங்கிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஒன்னுமே சொல்லலையே மாஸ்டர்" என்றார்.

முன்னறைக்கு வந்து அத்தான் முதலாளியம்மாவிடம் சொன்னார்: "என் கால் அந்தப் பக்கம் போயிடுச்சும்மா."

"ரொம்ப நாளா விட்டுப்போச்சுல்ல, அதான். ரெண்டு மாசம் உட்கார்ந்தா பழைய கால் தானா திரும்பி வந்துடும் மாஸ்டர். ஒருதடவை கத்துக்கிட்டது எங்க போகும்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் சிக்னல் படங்கள். மேஜையில் பாடம் நடத்துவதற்கான பொம்மைக் கார்கள். அவற்றில் ஒன்றை விரலால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துடும்" என்றார். "வந்தா இது போயிடும்."

முதலாளியம்மாவுக்கு எது போய்விடும் என்று புரியவில்லை. கீறலைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து, "அது பெயின்ட் அடிச்சா சரியாயிடும்" என்றார். அத்தான் எழுந்து, வெளியே நின்றிருந்த புது மாஸ்டரைக் கூப்பிட்டு, "உள்ள வா, தம்பி. சீட்டு சூடாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி மற்றவை. புது மாஸ்டரை நிரந்தரமாக்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் அவர் குரல் தடித்துவிட்டது. இப்போது தெருமுனைவரை கேட்கிறது. தையல்கார அம்மா லைசன்ஸ் வாங்கினார், கார் வாங்கவில்லை. பென்சில் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார். முதலாளியம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிளை திறந்தார். என்னை அங்கே மாற்றினார்கள், அங்கேயும் முன்னறை மேஜைதான். அக்கா அதே பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். அந்தக் கூடத்துக்கு ரத்தக் குப்பிகளை மற்ற கிளைகளிலிருந்து கொண்டுவரும் வண்டியை அத்தான் ஓட்டுகிறார். காலையில் இருவரும் அக்காவின் காரில் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். போகும்போது அவர் ஓட்டுகிறார், வரும்போது அவள்.